வறண்ட குட்டையில் உறங்கும் உயிர்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் வழியில், கோடைக்காலத்தில் நீரற்று வெடித்துக் கிடக்கும் சிறு பள்ளங்கள் பலவற்றைக் காணலாம். ஏரி என்று சொல்லும் பெருமை அவற்றிற்கு இல்லை. குளம் என்ற பெயரும் பெரும்பாலும் இல்லை. அவற்றைக் காண்போர் ‘வெற்றிடம்’ என்று கூறிக் கடந்து செல்வர். ஆனால் அந்த வறண்ட மண்ணில் எண்ணற்ற உயிர்கள் உறங்கிக் கொண்டிருக்கக்கூடும். அவ்வுயிர்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. பள்ளங்கள் நிரம்புகின்றன. சில நாட்களில் அந்நீரில் கண்ணாடி போன்ற உடலுடைய சிற்றுயிர்கள் மல்லாந்து நீந்துவதைக் காணலாம். இவற்றை ஆங்கிலேயர் தேவதையின் பெயரால் அழைத்தனர். நாமும் தேவதை இறால் என்போம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமே உடையவை. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. ஆயினும் அவற்றிற்குள்ள ஓடு இவற்றிற்கு இல்லை. பதினோரிணை இலை போன்ற கால்கள் உண்டு. அக்கால்களே துடுப்பு, அவையே மூச்சுறுப்பு, நீரிலுள்ள பாசித் துகளை வடித்து உண்ண உதவும் சல்லடையும் அவையே. வயிற்றுப்புறத்தை ஒளியை நோக்கி வைத்து நீந்துவது இவற்றின் இயல்பு. கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுக் கீழிருந்து விளக்கொளி பாய்ச்சினால், உடனே புரண்டு நீந்தும்!

தென்னிந்தியாவில் நன்கு ஆராயப்பட்ட இனத்திற்கு ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைக்காட்டமஸ் என்று பெயர். பேர்ட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1860ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். முதற்சொல் ‘முறுக்கிய தலை’ என்றும், இரண்டாவது சொல் ‘இரண்டாகக் கிளைத்தது’ என்றும் பொருள்படும். ஆணின் தலையில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உணர்கொம்புகள் முறுக்கிக் கிளைத்திருப்பதே இப்பெயருக்குக் காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர்கள் இவ்வினத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.

நீர் வற்றினால் நீர்வாழ் உயிர் மாண்டுபோகுமே; அடுத்த மழைக்கு இவை எங்கிருந்து வருகின்றன? வானத்திலிருந்து மழையோடு விழுவதாக எண்ணுவோரும் உண்டு. உண்மை அதனினும் வியப்பானது. முட்டையினுள் கரு ஓரளவு வளர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனைத் தடித்த உறை மூடிக்கொள்கிறது. உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ முழுவதும் வெளியேறிய பின்னும், ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரைப் பொருள் உயிரணுக்களின் அமைப்புச் சிதையாமல் காக்கிறது. தாய் இறந்துவிடும், முட்டை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கோடை வெயிலும் அதனை அழிப்பதில்லை. இதன் உறவினமாகிய உப்பளத்து ஆர்ட்டீமியாவின் உறங்கு முட்டைகள் 1972ஆம் ஆண்டில் அப்போலோ 16, 17 விண்கலங்களில் சந்திரன் வரை சென்று மீண்டன என்றால், அவற்றின் உறுதியை நீங்களே அளந்துகொள்ளலாம். மாமல்லபுரத்திற்குத் தெற்கே மரக்காணம் வரையுள்ள கடற்கரையில் இறால்குஞ்சுப் பொரிப்பகங்கள் பல உள்ளன. ஆர்ட்டீமியா முட்டைகளைப் பொரிக்கச்செய்து, அவற்றின் இளங்குஞ்சுகளை இறாற்குஞ்சுகளுக்கு இரையாக இடுவது அங்கு வழக்கம்.

புதுமழை பட்டதும் உறை நெகிழ்ந்து, ஓரிரு நாட்களில் குஞ்சு வெளிவருகிறது. ஓரிரு வாரங்களில் முதிர்ந்து முட்டையிடுகிறது. நீர் வற்றுவதற்குள் வாழ்வை முடித்தாக வேண்டும் அன்றோ! எனினும் எல்லா முட்டைகளும் முதல் மழையிலேயே பொரிப்பதில்லை. ஒரு மழையோடு வானம் பொய்த்துவிட்டால், பொரித்த குஞ்சுகள் யாவும் மடியும். பொரியாமல் எஞ்சியவை அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். நம் உழவர் எவ்வளவு வறுமையிலும் விதைநெல்லைக் குற்றி உண்பதில்லை. அந்த உழவரின் முறையே இயற்கையிலும் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தேவதை இறாலுக்கு ஓடில்லை, முள்ளில்லை, விரைந்து ஓடும் ஆற்றலும் இல்லை. மீன் வாழும் நீரில் அது நிலைத்திருக்க இயலாது. ஆண்டுதோறும் வற்றும் குட்டையில் மீன் நிலைப்பதில்லை. ஆகவே, வறட்சி இதற்குப் பகையன்று, அதுவே அரண். ‘நல்லது செய்கிறோம்’ என்று எண்ணி அப்பள்ளத்தை ஆழப்படுத்தி, ஆண்டு முழுதும் நீர் நிற்கச்செய்து மீனை விட்டால் இவ்வினம் அங்கே அழியும். மேல்மண்ணை வாரிச் சென்றால் முட்டைகளும் உடன் செல்லும். கட்டடத்திற்காக மண்ணிட்டு மூடினாலோ, அவை மழையையும் ஒளியையும் மீண்டும் காணப்போவதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் மனைகள் பெருகிவருகின்றன. வேடந்தாங்கல், கரிக்கிலி ஏரிகளுக்கு 2022ஆம் ஆண்டில் ராம்சார் தகுதி கிடைத்தது, மகிழத்தக்க செய்தி. ஆனால் சிறு குட்டைகளுக்கு யார் துணை? 2011ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பில், 2.25 ஹெக்டேருக்குக் குறைந்த நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாகவே குறிக்கப்பட்டன. கோடையில் காண்போர்க்கு அப்புள்ளியும் தரிசு நிலமாகவே தோன்றும். பெரிய ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகள் இத்தகைய குட்டைகளிலும் இரை தேடும். காலிலும் குடலிலும் இம்முட்டைகளைச் சுமந்து வேறு பள்ளங்களில் விதைக்கும். ஒன்றை அழித்து மற்றொன்றை மட்டும் காப்பது எளிதன்று.

நாற்பதாண்டுக் காலம் மாணவர்களோடு பழகியவன் என்ற உரிமையில் உங்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கோடையில், உங்கள் ஊர்க் குட்டையின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி உலர்ந்த மண் மட்டும் எடுத்து வையுங்கள். அதனை அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, தூய மழைநீரை ஊற்றி வெளிச்சத்தில் வைத்து நாள்தோறும் உற்று நோக்குங்கள். முட்டைகள் இருப்பின், ஊசிமுனை போன்ற குஞ்சுகள் அசையக் காண்பீர்கள். ஆய்வு முடிந்ததும் மண்ணை அதே குட்டையில் சேர்த்துவிடுங்கள். அக்குட்டையின் பெயர், நீர் நிரம்பிய நாள், வற்றிய நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து, அக்குறிப்பேட்டைப் பள்ளியில் வையுங்கள். நாளை யாரேனும் அவ்விடத்தை ‘ஒன்றுமில்லாத பள்ளம்’ என்று கூற நேர்ந்தால், அக்குறிப்பேடு சான்று கூறும்.