ஹெப்பாள் கடைவீதியும் நம் குடும்பக் கணக்கும்

ஒரு நகரத்தின் செல்வநிலையை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளைப் பார்ப்பதைவிட அதன் கடைவீதியைப் பார்ப்பது நலம். எந்தப் பண்டம் மிகுதியாக விலைபோகிறது, யார் வாங்குகிறார்கள், கைக்காசுக்கு வாங்குகிறார்களா அல்லது கடனுக்கு வாங்குகிறார்களா என்னும் மூன்று செய்திகளையும் அறிந்துவிட்டால், அந்நகர மக்களின் வாழ்வு பெரும்பாலும் விளங்கிவிடும். நாம் குடியேறி வாழும் மைசூர் நகரத்தின் வாணிகத்தை, சிறப்பாக ஹெப்பாள் பகுதியின் வாணிகத்தை, இக்கண்கொண்டு ஒருமுறை நோக்குவது நம் குடும்பங்களுக்குப் பயன்தரும் என்று கருதுகிறோம்.

மைசூரின் பழைய வாணிகம் அரண்மனையைச் சுற்றி வளர்ந்தது. நூற்றாண்டைக் கடந்த தேவராஜ மார்க்கெட் மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் நஞ்சன்கூடு ரசவாழைக்கும் பெயர்பெற்றது. மொத்த மளிகைக்குச் சந்தேபேட்டை. நகைக்கு அசோகா சாலை. துணிமணிக்குத் தேவராஜ அரசு சாலை. சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1880இல், தொடங்கிய பொருட்காட்சி இன்றும் தசராவை ஒட்டி நடைபெறுகிறது. இவ்வூர்க் கடைத்தெருவின் மொழியும் நமக்கு முற்றிலும் அயல் அன்று. கன்னடத்தார் 'அங்கடி' என்பது நம் அங்காடியே. அவர்களுடைய 'சந்தே' நம் சந்தையே. நாம் ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பதைப்போல் அவர்கள் ஆஷாட மாதத் தள்ளுபடிக்குக் காத்திருக்கிறார்கள். வரமகாலட்சுமி நோன்புக்கு முன்னாள் பூவின் விலை ஏறுவதும், தை முதல் நாளுக்கு அவர்கள் எள்ளும் வெல்லமும் வாங்க நாம் கரும்பும் மஞ்சட்கொத்தும் வாங்குவதும் ஆண்டுதோறும் காணும் காட்சிகள்.

அரண்மனைக்குப் பின் இவ்வூர்க் கடைவீதியை வாழவைத்தது ஆலைச் சம்பளம். அச்சம்பளம் நின்றால் கடைவீதியும் தளரும். யாதவகிரியில் ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. ஓர் ஆலை மூடப்படும்போது வேலை இழப்பவர் தொழிலாளி மட்டும் அல்லர். அவருக்கு அரிசி விற்றவர், துணி தைத்தவர், தேநீர் கொடுத்தவர் ஆகிய அனைவரும் வரவை இழக்கிறார்கள். கடைவீதி தானே செல்வத்தைப் படைப்பதில்லை. வேறிடத்தில் ஈட்டிய செல்வம் அங்கே கைமாறுகிறது.

ஹெப்பாளின் வளர்ச்சியும் இவ்வுண்மைக்குச் சான்று. தொழிற்பேட்டையும், அருகில் மேட்டகள்ளியிலும் பெலவாடியிலும் எழுந்த ஆலைகளும், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பெரும் பயிற்சி வளாகமும் இப்பகுதிக்கு மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தன. அச்சம்பளத்தைப் பின்தொடர்ந்து மளிகைக் கடைகளும், பேக்கரிகளும், மருந்துக் கடைகளும், கைபேசிக் கடைகளும் வந்தன. முன்பு நல்ல புடைவைக்கும் பாத்திரத்துக்கும் நகரத்தின் நடுவுக்குப் பேருந்து ஏறிய நம் தாய்மார்கள், இன்று வெளிவட்டச் சாலையைத் தாண்டாமலே பல பொருள்களை வாங்கிவிடுகிறார்கள்.

நாம் எதை வாங்குகிறோம்?

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதற்கு விடை தருகிறது. 2023-24ஆம் ஆண்டில் கர்நாடக நகரங்களில் ஓர் ஆள் ஒரு மாதத்தில் செலவிட்டது சராசரியாக 8,076 ரூபாய். தமிழ்நாட்டு நகரங்களில் 8,165 ரூபாய். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது மாதம் 32,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. சராசரி என்பதை மறக்கலாகாது. ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர் இதற்குக் கீழேயும், கணினித் துறையில் பணிபுரிபவர் இதற்கு மிக மேலேயும் நிற்பர்.

இதனினும் கருதத்தக்கது செலவின் பங்கீடு. 1999-2000இல் இந்திய நகரக் குடும்பங்கள் தம் செலவில் 48 சதவீதம் உணவுக்கு அளித்தன. 2023-24இல் அது 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்துவிட்டது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவாகிறது; ஆனால் கடையில் வாங்கும் தயாரித்த உணவுக்கும் பானங்களுக்கும் 11 சதவீதம் போகிறது. நியாயவிலைக் கடையில் தானியம் கிடைப்பது இதற்கு ஒரு காரணம். எனினும், அடுப்பில் ஏறும் அரிசியைவிடப் பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனிக்கும் உணவகப் பண்டத்துக்கும் மிகுதியாகச் செலவிடும் காலம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி போக்குவரவு, உடை, வீட்டுச் சாதனங்கள், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குச் செல்கிறது. கடைவீதியின் பெருக்கம் அரிசியால் வந்ததன்று. அரிசி அல்லாதவற்றால் வந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இவ்வாறு வாங்கும் பணம் மூன்று வாய்க்கால்களில் வருகிறது. முதலாவது சம்பளம். இரண்டாவது அரசின் உதவி. மாதந்தோறும் குடும்பத் தலைவிக்கு 2,000 ரூபாய் அளிக்கும் கிருஹலட்சுமித் திட்டம் 2023 ஆகஸ்ட் 30ஆம் நாள் மைசூரிலேயே தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு ஜூன் 11ஆம் நாள் தொடங்கிய சக்தித் திட்டத்தால் கர்நாடகப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கிறார்கள். பெண்ணின் கைக்கு நேரே வரும் பணம் விரைவில் மளிகைக்கும், பள்ளிச் சாமான்களுக்கும், மருந்துக்கும் செல்வது இயல்பு. குடும்ப அட்டையை இன்னும் சொந்த ஊரிலேயே வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இவ்வூர் உதவி கிட்டாது. ஓரிடத்து அட்டையை நீக்கிவிட்டே மற்றோரிடத்தில் பெற வேண்டும்; எங்கே வைத்திருப்பது நலம் என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணித் துணிய வேண்டும்.

மூன்றாவது வாய்க்கால் கடன். நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

முன்பு கடன் என்றால் மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டு. மாதம் முழுவதும் சாமான் வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பது வழக்கம். அதற்கு வட்டி இல்லை. ஆனால் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும். சரக்கு மட்டமாக இருந்தாலும் வாய்திறக்கக் கூச்சம் தடுக்கும். ஆகவே அந்த முறையைக் குறையற்றதென்று நாம் புகழவில்லை. எனினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. முந்தைய பாக்கி தீராமல் அடுத்த மூட்டை இறங்காது. கடைக்காரர் நம் சம்பளத்தையும் நம் குணத்தையும் அறிந்தவர். நம் தகுதிக்கு மேல் அவர் கடன் தரமாட்டார். 2020 மார்ச் 25ஆம் நாள் ஊரடங்கு தொடங்கிச் சம்பளம் நின்ற வாரங்களில், உற்றார் உறவினர் அருகில் இல்லாத நம்மவர்களில் பலருக்குக் கைகொடுத்தது இந்த நோட்டுத்தான்.

இன்றைய கடன் வேறு வகையானது. கைபேசியின் திரையில் ஒரு விரல் தொட்டால் தவணை தொடங்கிவிடுகிறது. நம்மை அறியாத ஒருவர், நம் முகம் காணாமலே தருகிறார். அவ்வாறு தருபவர் வட்டியைக் கூறும் முறையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 20,000 ரூபாய்ச் சாதனம் ஒன்றை, முதல் முழுவதற்கும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கூறி, 12 தவணையில் தருவதாகக் கொள்வோம். வட்டி 2,400 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 1,867 ரூபாய். ஆனால் மாதந்தோறும் முதலில் ஒரு பகுதியை நாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்தே வட்டி வாங்கப்படுகிறது. உண்மையான வட்டி வீதத்தைக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்தைத் தாண்டும். இதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், தவணை தவறினால் அபராதம் ஆகியவையும் உண்டு.

இது தனிப்பட்ட சிலரின் தொல்லையன்று. இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21இல் நாட்டு மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022-23இல் அது 5 சதவீத அளவுக்கு இறங்கிற்று. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. ஈடில்லாத நுகர்வுக் கடன்கள் பெருகுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2023 நவம்பரில் அத்தகைய கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தை உயர்த்தியது. நம் அண்டை மாவட்டமான சாமராஜநகரில் சிறுகடன் வசூலிப்போரின் தொல்லை பொறுக்காமல் சில குடும்பங்கள் வீட்டைவிட்டே வெளியேறிய செய்தி 2025 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த மாதமே கர்நாடக அரசு கட்டாய வசூலைத் தண்டிக்கும் அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது.

கடைக்காரரின் நிலை

வாங்குவோர் மட்டுமன்றி விற்போரும் மாறுதலின் நடுவில் நிற்கிறார்கள். இன்ஸ்டாமார்ட், பிளிங்கிட் போன்ற நிறுவனங்கள் மைசூரிலும் சில நிமிடங்களில் சாமான்களை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவருகின்றன. பெருங்கடைகள் மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கின்றன. தெருமுனைக் கடைக்காரர் இவ்விரண்டோடும் போட்டியிட வேண்டும். 2025 ஜூலையில், யு.பி.ஐ. வழியாக வந்த தொகையைக் கொண்டு, கர்நாடக வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அறிவிப்பு அனுப்பியபோது, பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்ற அட்டை தொங்கிற்று. முதலமைச்சர் வியாபாரிகளுடன் பேசி, பழைய பாக்கியை வற்புறுத்துவதில்லை என்று அறிவித்த பின்னரே கலக்கம் தணிந்தது. நம்மவர்களிலும் காய்கறி வண்டி, இட்லிக் கடை, பூக்கடை வைத்து வாழ்வோர் உண்டு. பண்டங்கள் விற்போர் ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய்க்கும், சேவை அளிப்போர் 20 இலட்சம் ரூபாய்க்கும் மேல் வியாபாரம் செய்தால் பதிவு வேண்டும் என்பதையும், பதனிடாத காய்கறி, பூ முதலியவற்றுக்கு வரியில்லை என்பதையும் அவர்கள் அறிந்து, வரவைத் தேதிவாரியாகக் குறித்துவைப்பது நலம்.

நாம் செய்யத்தக்கவை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே முதற்கண் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும். கைபேசியில் கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதை எழுதிய பின்னரே அதன் அளவு புலப்படுகிறது. எல்லாத் தவணைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை சேமிப்பை விழுங்குவதாக இருந்தால், உள்ள தவணை தீரும்வரை புதியது வேண்டாம்.

இரண்டாவது, விலையைக் கட்டுக்கு அன்றிக் கிலோவுக்குப் பார்க்க வேண்டும். 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி வந்ததும், கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியதை நாம் அறிவோம். பையின் எடை வேறுபடும்போது பையின் விலையை ஒப்பிடுவது பிழை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் ஆகியவற்றின் வரி 18இலிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய் ஆகியவற்றின் வரி 12இலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. ரசீது கேட்டு வாங்கினால்தான் அக்குறைப்பு நமக்குக் கிட்டியதா என்று தெரியும். முறையீட்டுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

மூன்றாவது, சேர்ந்து வாங்குவது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து ஏழை நெசவாளர்களும் அவர்களுடைய தோழர்களும் 1844 டிசம்பரில் ஒரு சிறு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் நேர்மையான எடையில் விற்றார்கள். நம் சென்னையில் 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவ்வளவு பெரிய முயற்சி நமக்கு உடனே இயலாது. ஆயினும் ஒரு தெருவில் உள்ள ஐந்தாறு குடும்பங்கள் மாதம் ஒருமுறை சந்தேபேட்டைக்குச் சென்று புழுங்கலரிசி, பருப்பு, நல்லெண்ணெய் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது எளிதே. அன்றாடச் சில்லறைச் சாமான்களைத் தெருமுனைக் கடையிலேயே வாங்கி, பாக்கியை நாள் தவறாமல் தீர்ப்போம். ஆபத்துக் காலத்தில் நம்மைப் பெயர்சொல்லி அழைத்து உதவக்கூடிய கடை அது. அது நிலைத்திருப்பது நமக்கும் காப்பு.

நாம் சேலத்தையும் ஈரோட்டையும் தருமபுரியையும் விட்டு இவ்வூர் வந்தது கடைவீதியை அலங்கரிப்பதற்கு அன்று. பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், முதியோருக்கு ஊருக்குப் பணம் அனுப்பவும், தலைக்குமேல் ஒரு சொந்தக் கூரை அமைக்கவும் வந்தோம். நல்ல புடைவையும் வேண்டும். தசராவுக்குப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் வேண்டும். அவற்றை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டின் சம்பளத்தை இந்த ஆண்டே விற்று அவற்றை வாங்கவேண்டாம் என்றே சொல்கிறோம். கடைவீதியின் விற்பனையைக் கணக்கிட அரசும் நிறுவனங்களும் இருக்கின்றன. நம் வீட்டுச் சேமிப்பைக் கணக்கிட நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்தக் கணக்கை இந்த மாதச் சம்பள நாளிலேயே எழுதத் தொடங்குவோமாக.