தென் கொரியக் குடியாட்சியும் அதன் சனாதிபதிகளும்

முடியாட்சியில் அரசன் எவ்வாறு அரியணை ஏறினான் என்பதே முதன்மையான வினாவாகும். பிறப்பு அதற்கு விடை கூறிவிடும். குடியாட்சியிலோ வினாக்கள் மூன்றாகும். ஆட்சித் தலைவன் எவ்வழியாற் பதவிக்கு வந்தான்? எவ்வெல்லைக்குள் நின்று ஆண்டான்? எவ்வாறு பதவியினின்றும் நீங்கினான்? இம்மூன்றனுள்ளும் கடைசி வினாவே அரியது. தேர்தலால் வந்தவர் பலர், காலம் முடிந்தபின்னும் போக மறுத்தமையை உலக வரலாறு நன்கு அறியும். ஆட்சியிலிருந்து இறங்கும் வழியை ஒரு நாடு எங்ஙனம் அமைத்துக்கொண்டது என்பதை ஆராய்வார்க்குத் தென் கொரியாவின் அண்மை வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கொரியாக் குடியரசு 1948ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் தேதி நிறுவப்பெற்றது. அதன் முதல் நாற்பதாண்டுகளின் பெரும்பகுதி மூவர் கையில் இருந்தது. முதற் சனாதிபதி சிங்மன் றீ பன்னீராண்டு ஆண்டு, 1960ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்து மாணவர் கிளர்ச்சியால் பதவி துறந்தார். 1961ஆம் ஆண்டு மே மாதம் படைப்புரட்சியால் ஆட்சியைக் கைப்பற்றிய பாக் சுங்-ஹீ, 1972ஆம் ஆண்டில் அரசியலமைப்பையே தமக்கேற்ப மாற்றி, 1979ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆந் தேதி தம் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்படும்வரை ஆண்டார். அவருக்குப்பின் படைத்தலைவர் சுன் டூ-ஹுவான் அதிகாரத்தைப் பற்றினார். 1980ஆம் ஆண்டு மே 17ஆந் தேதி இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்டது; அரசியற் செயல்கள் தடைசெய்யப்பட்டன; எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். எதிர்த்தெழுந்த குவாங்ஜு நகரத்திற் படையினராற் குடிமக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மூவருள் வாக்குச் சீட்டின் தீர்ப்பை ஏற்றுப் பதவி நீங்கியவர் ஒருவருமிலர்.

மாற்றம் 1987ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திற் பொலிசாரின் சித்திரவதையாற் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறந்த செய்தி வெளிப்பட்டது. சனாதிபதியை மக்களே நேரிற் தெரிதல் வேண்டுமென்னுங் கோரிக்கையைச் சுன் மறுத்தார். யூன் மாதத்தில் மாணவர், தொழிலாளர், அலுவலகங்களிற் பணிபுரியும் நடுத்தர வகுப்பினர், சமயத் துறவிகள் ஆகிய யாவரும் ஒருங்கே தெருவிற் திரண்டனர். அம்மாதம் 29ஆந் தேதி ஆளுங் கட்சியின் வேட்பாளரான ரோ தே-வூ அக்கோரிக்கைக்கு இணங்குவதாக அறிவித்தார். ஒக்டோபர் மாதம் சர்வசன வாக்கெடுப்பாற் புதிய அரசியலமைப்பு ஏற்கப்பட்டது.

அவ்வரசியலமைப்பின் கூறுகள் முன்னைய பட்டறிவிலிருந்து பிறந்தவை. சனாதிபதியின் பதவிக்காலம் ஐந்தாண்டு. ஒருவர் ஒருமுறையே பதவி வகிக்கலாம். பதவிக்காலத்தை நீட்டவோ மறுமுறை போட்டியிட வழிசெய்யவோ அரசியலமைப்பைத் திருத்தினாலும், அத்திருத்தம் அதனை முன்மொழியுங் காலத்திற் பதவியிலிருக்குஞ் சனாதிபதிக்குப் பயன்படாது என்று தெளிவாக விதிக்கப்பட்டது. வேலியே பயிரை மேயாதிருக்க வேலிக்கும் ஒரு வேலி இட்டமை இது. பாராளுமன்றத்து மூன்றிலிரு பங்கினர் வாக்களித்தாற் சனாதிபதிமீது குற்றஞ்சாட்டலாம்; ஒன்பது நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றத்தில் அறுவரேனும் இசைந்தால் அவர் பதவி இழப்பார். பதவியிலிருக்கும்போது ஏனைய குற்றங்களுக்காக அவர்மீது வழக்குத் தொடரலாகாது; அரசுக்கெதிரான கலகமும் தேசத்துரோகமும் மாத்திரம் அவ்விலக்குக்குப் புறம்பானவை. இவ்விதிகள் எழுதப்பட்டபோது வெறும் எழுத்துக்களாகவே தோன்றியிருக்கலாம். அவை ஒவ்வொன்றும் பிற்காலத்திற் சோதனைக்குள்ளாயின.

முதற் தேர்தலின் முடிவு முரணானதாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டு டிசெம்பரில் எதிர்க்கட்சித் தலைவர்களான கிம் யங்-சாமும் கிம் டே-ஜுங்கும் தனித்தனியே நின்று வாக்குகளைப் பிரித்துக்கொண்டமையால், நூற்றுக்கு 37 வீதத்துக்குங் குறைந்த வாக்குகளுடன் சுன்னின் தோழரான ரோ தே-வூவே வென்றார். குடியாட்சியைப் போராடிப் பெற்ற மக்கள், பழைய படைத்தலைவர் ஒருவரையே அதன் முதற் சனாதிபதியாகக் காண நேர்ந்தது. ஆயினும் அவர் காலத்தில் 1988ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு சியோலில் நிகழ்ந்தது. சோவியத்து ஒன்றியத்துடனும் சீனாவுடனும் உறவு ஏற்பட்டது. 1991ஆம் ஆண்டில் இரு கொரியாக்களும் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றன. எல்லாவற்றினும் மேலாக, ஐந்தாண்டு முடிந்ததும் அவர் அமைதியாகப் பதவி நீங்கினார்.

அவர்பின் 1993ஆம் ஆண்டில் வந்த கிம் யங்-சாம், முப்பதாண்டுகளுக்குப்பின் அந்நாட்டை ஆண்ட படைசாராத் தலைவராவர். படையினுள் மறைவாக இயங்கிய அதிகாரிகள் குழுவை அவர் கலைத்தார். பிறர் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வழக்கத்தை 1993ஆம் ஆண்டு ஓகஸ்டிற் தடைசெய்தார். அவர் காலத்தில் எழுந்த சட்டச் சிக்கலொன்று உலகின் கருத்தைக் கவர்ந்தது. 1980ஆம் ஆண்டின் கொடுமைகளுக்காகச் சுன்னையும் ரோவையும் விசாரிக்குமாறு மக்கள் கேட்டனர். வெற்றி பெற்ற படைப்புரட்சியைத் தண்டித்தல் இயலாதென்று அரச வழக்குத் தொடுநர்கள் 1995ஆம் ஆண்டு யூலையிற் கூறினர். வென்றவன் செய்ததே சட்டமாகும் என்பதே இதன் பொருள். சில திங்களுள் ரோவின் மறைமுக நிதி அம்பலமாயிற்று. ஏறத்தாழ 50,000 கோடி வொன் சேர்த்தமையை அவரே கண்ணீருடன் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசெம்பரில் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, இருவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். சுன்னுக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை மேன்முறையீட்டில் ஆயுட்சிறையாயிற்று. ரோவுக்குப் பதினேழாண்டுச் சிறை உறுதியாயிற்று. வெற்றி பெற்றதாயினும் கலகம் கலகமே என்பது 1997ஆம் ஆண்டு ஏப்ரிலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கையாகும்.

அவ்வாண்டிலேயே நிதி நெருக்கடி நாட்டைத் தாக்கியது. சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்கும் நிலை ஏற்பட்டது. அத்துன்பத்தினிடையே டிசெம்பரில் நடந்த தேர்தலிற் கிம் டே-ஜுங் சிறிய பெரும்பான்மையால் வென்றார். ஆளுங் கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு வாக்கினால் ஆட்சி மாறியது அந்நாட்டில் அதுவே முதன்முறை. இவர் 1971ஆம் ஆண்டிற் பாக் சுங்-ஹீயை எதிர்த்துப் போட்டியிட்டவர். 1973ஆம் ஆண்டிற் டோக்கியோவிற் கொரிய உளவாளிகளாற் கடத்தப்பட்டவர். 1980ஆம் ஆண்டிற் சுன்னின் ஆட்சியில் மரணதண்டனை விதிக்கப்பெற்று, உலக நாடுகளின் வேண்டுகோளால் உயிர் தப்பியவர். தேர்தலில் வென்று பதவியேற்குமுன், சுன்னையும் ரோவையும் மன்னித்து விடுவிக்கும் முடிவுக்கு இவர் இசைந்தார். தம்மைக் கொல்ல முயன்றவனை விடுவித்தல் பெருந்தன்மையா, அன்றி நீதியைக் குறைத்தலா என்பது பற்றி இன்றும் இருவேறு கருத்துக்கள் உள. சுன் 2021ஆம் ஆண்டு நவம்பரில் இறக்கும்வரை குவாங்ஜுப் படுகொலைக்காக மன்னிப்புக் கேட்கவில்லை என்பதும் இங்கு கருதத்தக்கது. கிம் டே-ஜுங் 2000ஆம் ஆண்டு யூனிற் பியொங்யாங் சென்று வடகொரியத் தலைவரைச் சந்தித்தார். அவ்வாண்டே நொபெல் சமாதானப் பரிசு பெற்றார். நாணய நிதியத்தின் கடன் 2001ஆம் ஆண்டு ஓகஸ்டிற் தீர்க்கப்பட்டது. எனினும் அவருடைய புதல்வர்கள் கைக்கூலிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றனர். கிம் யங்-சாமின் மகனும் முன்னர் அவ்வாறே சிறை சென்றவர். சனாதிபதியைச் சூழ்ந்த உற்றார் உறவினர் வழியாக ஊழல் புகுந்தமை இருவர் ஆட்சிக்கும் பொதுவான குறையாயிற்று.

ரோ மூ-ஹ்யுன் பல்கலைக்கழகம் செல்லாது தாமே கற்றுச் சட்டத்தரணியானவர். மனித உரிமை வழக்குகளிற் பெயர் பெற்றவர். 2004ஆம் ஆண்டு மார்ச்சில், தேர்தற் காலத்தில் ஒரு கட்சிக்குச் சார்பாகப் பேசினாரென்று பாராளுமன்றம் அவர்மீது குற்றஞ்சாட்டியது. சட்டமீறல் உண்டெனினும் மக்கள் அளித்த பதவியைப் பறிக்குமளவுக்கு அது பெரிதன்று என மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவி நீக்கம் என்னும் வாள் கட்சிப்பகைக்குக் கருவியாகாதபடி நீதிமன்றம் வரைந்த எல்லை இதுவாகும். பதவி நீங்கியபின் தம் குடும்பத்தார் பெற்ற பணம்பற்றி விசாரணை நடக்கையில், 2009ஆம் ஆண்டு மே 23ஆந் தேதி அவர் மலைப்பாறையினின்றும் வீழ்ந்து உயிர் துறந்தார்.

2008 முதல் 2013 வரை ஆண்ட லீ மியுங்-பாக், கட்டிட நிறுவனமொன்றின் தலைவராயிருந்து சியோல் நகர முதல்வராகிப் பின் சனாதிபதியானவர். கையூட்டு, நிதிமோசடிக் குற்றங்களுக்காக 2018ஆம் ஆண்டிற் கைதாகிப் பதினேழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவரையடுத்து வந்த பாக் கியுன்-ஹே, பாக் சுங்-ஹீயின் மகளும் அந்நாட்டின் முதற் பெண் சனாதிபதியுமாவார். 2014ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆந் தேதி சேவொல் என்னுங் கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளி மாணவராகிய 304 பேர் மாண்டனர். அரசின் செயலின்மை மக்கள் உள்ளத்தை ஆறாப் புண்ணாக்கிற்று. அரச பதவி எதுவுமற்ற தோழியொருவர் ஆட்சிக் காரியங்களிற் தலையிட்டுப் பணம் பறித்தமை 2016ஆம் ஆண்டில் வெளிப்பட, வாரந்தோறும் இலட்சக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருவில் நின்றனர். 2017ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் தேதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமுகமாக அவரைப் பதவி நீக்கினர். தந்தையைத் துப்பாக்கி நீக்கிற்று. மகளை நீதிமன்றம் நீக்கிற்று. இடைப்பட்ட முப்பத்தெட்டாண்டுகளில் அந்நாடு கடந்த தூரம் இதுவே.

அடுத்து வந்த மூன் ஜே-இன் ஐந்தாண்டு ஆண்டு 2022ஆம் ஆண்டிற் பதவி நீங்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்குங் குறைந்த வேறுபாட்டால் வென்ற யுன் சொக்-யோல், முன்னர் லீ, பாக் ஆகிய இருவர்மீதும் நடந்த விசாரணைகளிற் பங்குகொண்ட அரச வழக்குத் தொடுநர். சட்டத்தின் கையால் உயர்ந்த அவரே, 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் தேதி இரவு இராணுவச் சட்டத்தை அறிவித்துப் பாராளுமன்றத்துக்குப் படையை அனுப்பினார்.

1980ஆம் ஆண்டையும் 2024ஆம் ஆண்டையும் ஒப்புநோக்குவார்க்கு இவ்வரலாற்றின் உட்பொருள் விளங்கும். முன்னைய காலத்திற் பாராளுமன்றம் மூடுண்டது, எதிர்த்த நகரம் குருதியில் மிதந்தது, கட்டளையிட்டவர் சனாதிபதியானார். பின்னைய காலத்திற் செய்தியறிந்த குடிமக்கள் நள்ளிரவிற் பாராளுமன்ற வாயிலிற் திரண்டனர். உறுப்பினர் சிலர் மதிலேறிக் குதித்து உட்சென்றனர். அறிவிப்பு வெளிவந்து மூன்று மணி நேரத்துக்குள், சமுகமளித்த 190 பேரும் இராணுவச் சட்டத்தை நீக்குமாறு வாக்களித்தனர். விடியுமுன் அது நீங்கிற்று. 2025ஆம் ஆண்டு சனவரியிற் பதவியிலிருக்கும்போதே யுன் கைதானார். கலகக் குற்றத்துக்குப் பதவி காப்பாகாது என்ற 1987ஆம் ஆண்டின் விதி அன்று பயன்பட்டது. ஏப்ரில் 4ஆந் தேதி நீதிமன்றம் ஒருமுகமாக அவரைப் பதவி நீக்கியது. அறுபது நாளுள் தேர்தல் நடத்தல் வேண்டுமென்னும் விதிப்படி யூன் 3ஆந் தேதி நடந்த தேர்தலில், அன்றிரவு மதிலேறிச் சென்றவர்களுள் ஒருவரும், இளமையிற் தொழிற்சாலையில் வேலைசெய்தவருமான லீ ஜே-மியுங் தெரிவு செய்யப்பட்டார்.

1988ஆம் ஆண்டு தொடங்கிப் பதவி வகித்து நீங்கிய எண்மருள் நால்வர் சிறை கண்டனர். இருவர் நீதிமன்றத்தாற் பதவியிழந்தனர். ஒருவர் தம்முயிரைத் தாமே போக்கினார். இதனைக் கண்டு அந்நாட்டுக் குடியாட்சி நோயுற்றதென்பார் உளர். அக்கூற்றில் உண்மையின்றிப் போகவில்லை. எல்லா அதிகாரமும் ஒருவர் கையிற் குவிதல், பெருவணிகக் குடும்பங்கள் அவரை அண்டி நிற்றல், வழக்குத் தொடுக்கும் அதிகாரம் கட்சிப்போட்டிக்குள் இழுக்கப்படுதல், தண்டனை பெற்றோர் சின்னாளில் மன்னிப்புப் பெறுதல் ஆகியன தீராத குறைகளே. சிறையிடப்பட்ட நால்வருள் ரோ, லீ, பாக் ஆகிய மூவரும் மன்னிப்பினாலேயே வெளிவந்தனர். ஒவ்வொரு புதிய ஆட்சியும் பழைய ஆட்சியைக் கூண்டில் ஏற்றுமாயின், நீதிக்கும் பழிவாங்கலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மக்கள் மனத்தில் மங்கிவிடும்.

ஆயினும் பிறிதொன்று மறக்கற்பாலதன்று. இவ்வெண்மருள் ஒருவரேனும் ஐந்தாண்டுக்கு அப்பால் ஒருநாளும் பதவியிலிருந்ததில்லை. அரசியலமைப்பின் வாசகம் மட்டும் இதனைச் செய்ததன்று. 1987ஆம் ஆண்டுக்கு முன்னரும் அந்நாட்டில் அரசியலமைப்பு எழுத்தில் இருக்கவே செய்தது. எழுதிய விதியைத் தம் உடைமையெனக் கருதி, அது மீறப்படும் இரவில் உறக்கம் விட்டெழுந்து வரும் மக்கள் பின்னரே உருவாயினர். நல்லவரையே என்றுந் தெரிவு செய்யும் வல்லமை எந்நாட்டு மக்களுக்கும் இல்லை. தவறியவரைக் குருதி சிந்தாமல் இறக்கும் வல்லமையைத் தென் கொரிய மக்கள் நாற்பதாண்டு முயற்சியால் ஈட்டிக்கொண்டனர்.