சமபங்கும் நீதியும்

பலருடைய பணிகள் ஒரே சேவையகக் கணினியை நாடுமிடத்து, அதன் வளங்களை எவருக்கு எவ்வளவு வழங்குவதென்பது பொறியியல் வினா மட்டுமன்று. நீதி பற்றிய வினாவுமாம். செம்பாதியாகப் பகிர்தலே நீதியென்பர் பலர். அஃது எங்கும் பொருந்துமா என ஆராய்வாம்.

12 செயலிகளும் 24 கிகாபைற்று நினைவகமும் உடைய கணினியொன்றை இருவர் பயன்படுத்துவதாகக் கொள்வோம். முதலாமவரின் வேலை ஒவ்வொன்றும் 1 செயலியையும் 4 கிகாபைற்றையும் வேண்டும். மற்றவரின் வேலை ஒவ்வொன்றும் 2 செயலிகளையும் 1 கிகாபைற்றையும் வேண்டும். செம்பாதியாகப் பிரிப்பின் இருவருக்கும் மும்மூன்று வேலைகளே நடைபெறும். முதலாமவரிடம் 3 செயலிகளும், மற்றவரிடம் 9 கிகாபைற்று நினைவகமும் வீணே கிடக்கும்.

2011 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி ஆய்வாளர் வேறொரு கொள்கையை முன்வைத்தனர். எவ்வளத்தில் ஒருவரின் பங்கு மிகப் பெரிதோ, அதுவே அவருக்குத் தலையாய வளம்; அவ்வளத்திற் பெறும் பங்குகளையே சமமாக்கல் வேண்டும் என்பது அது. அவ்வாறு செய்யின் இருவருக்கும் நந்நான்கு வேலைகள் நடைபெறும். முதலாமவர் நினைவகத்திலும், மற்றவர் செயலிகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பெறுவர். தேவையை மிகைப்படுத்திக் கூறுவோர் இக்கொள்கையாற் பயனடைதலும் இல்லை.

எனினும், அவசர வேலையையும் காத்திருக்கத்தக்க வேலையையும் இக்கொள்கை தானாகப் பிரித்தறியாது. அதனை வரையறுத்தல் மனிதர் கடன். ஆகவே, கொள்கையைத் தெரிவு செய்யுமுன், எதனைச் சமமாக்க விழைகின்றோம் என்பதைத் தெளிதல் வேண்டும்.