எதிர்க்கட்சி கேட்ட கணக்கு

பொதுப்பணம் எங்கிருந்து திரட்டப்படுகிறது, யாருக்குப் பங்கிடப்படுகிறது, பங்கிட்ட பணம் எவ்வாறு செலவாகிறது என்னும் மூன்று கேள்விகளும் கூட்டுறவாளர்க்குப் புதியன அல்ல. ஆண்டு மகாசபையில் நிர்வாகக் குழுவினர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இந்தச் செலவு எதற்கு? எங்கள் தெருத் தறிகளுக்கு ஏன் நூல் வந்து சேரவில்லை?" என்று கேட்பதுண்டு. அவரைக் கலகக்காரர் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. ஆயினும் கேட்பார் இல்லாத சங்கத்தின் கணக்கு எந்த நிலைக்கு வரும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் எதிர்க்கட்சியினர் செய்யும் பணியும் இதுவேயாகும். அப்பணியின் தன்மையை, நெசவாளர்க்கு நெருங்கிய தொடர்புடைய ஒரு வரலாற்று வழக்கைக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறேன். அது சி. என். அண்ணாதுரை 1950-களிலும் 1960-களிலும் மத்திய சர்க்காரை நோக்கித் தொடுத்த வழக்கு.

கைத்தறியில் தொடங்கிய கேள்வி

1952-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் கைத்தறித் தொழில் பெரும் நெருக்கடியில் சிக்கியது. நெய்த துணி விலை போகாமல் தேங்கியது. மில் துணியோடு போட்டியிட முடியாமல் தறிகள் ஓய்ந்தன. 1953 சனவரியில், 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்று விற்றனர். அண்ணாதுரை திருச்சியில் விற்றார். நெசவாளர் நிறைந்த காஞ்சிபுரத்தில் பிறந்தவருக்குத் தறி ஓய்ந்தால் அடுப்பும் ஓயும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது முதலமைச்சராக இருந்த இராஜாஜியும் இதே பொருளில் டில்லியோடு வாதாடினார். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அது முழுமையாக ஏற்கப்படவில்லை. மில்கள் முன்பு உற்பத்தி செய்த வேட்டியின் அளவில் நூற்றுக்கு 60 பங்கே நெய்யலாம் என்ற வரம்பு மட்டும் வந்தது. பின்னர், 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மில் துணிக்குக் கெஜத்திற்கு 3 பை, அதாவது காலணா, கூடுதல் வரி விதிக்கப்பட்டு, அத்தொகை கதருக்கும் கைத்தறிக்கும் நிதியாக ஒதுக்கப்பட்டது. நம் நெசவாளர் சங்கங்கள் பல அந்த நிதியின் துணையோடு காலூன்றின. ஆளுங்கட்சி முதல்வர் கடிதத்தாலும் வாதத்தாலும் கேட்டதை எதிர்க்கட்சித் தலைவர் தெருவில் நின்று கேட்டார். தறிக்காரனுடைய குறை டில்லியின் காதில் விழுவதற்கு இருவகைக் குரலும் தேவைப்பட்டன.

வடக்கும் தெற்கும்

கைத்தறியிலிருந்து கேள்வி விரிந்தது. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்னும் முழக்கம் அக்காலத்து மேடைகளில் ஓயாது ஒலித்தது. அதற்குப் பின்னால் இருந்த கணக்கு எது?

1956-இல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பொதுத்துறைக்கு ரூ. 4,800 கோடி வகுக்கப்பட்டது. கனரகத் தொழில்களே அத்திட்டத்தின் உயிர்நாடி. மூன்று பெரிய எஃகு ஆலைகள் பொதுத்துறையில் எழுந்தன. ஒன்று அன்றைய மத்தியப் பிரதேசத்துப் பிலாயில், மற்றொன்று ஒரிசாவின் ரூர்கேலாவில், மூன்றாவது மேற்கு வங்கத்துத் துர்க்காபூரில். தெற்கே ஒன்றுகூட அமையவில்லை. எஃகு ஆலை உள்ள இடத்தில் துணைத் தொழில்களும், ரயில் பாதைகளும், தொழிற்பள்ளிகளும், ஆயிரக்கணக்கான வேலைகளும் தாமே வந்து சேரும். வரி எல்லாரிடமும் வாங்கப்படுகிறது, மூலதனம் மட்டும் சில பகுதிகளில் குவிகிறது என்பதே அண்ணாதுரையின் வாதம். ரயில் கட்டணம் செலுத்தும் திருநெல்வேலி விவசாயிக்கும், சர்க்கரைக்கும் தீப்பெட்டிக்கும் தீர்வை கொடுக்கும் சேலத்து நெசவாளிக்கும் இக்கேள்வி நியாயமானதாகவே பட்டது.

சர்க்காரின் மறுமொழி

எதிர்த்தரப்பின் விடையையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. இரும்புக் கனியும் நிலக்கரியும் அருகருகே கிடைக்கும் இடத்தில் எஃகு ஆலை அமைவது இயல்பு. அவ்விரண்டும் கிழக்கு மாநிலங்களிலும் மத்திய இந்தியாவிலும் உள்ளன. மேலும், சென்னை மாநிலம் அறவே புறக்கணிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. 1955-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் அமைந்தது. திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் 1960-களில் எழுந்தன. கிண்டியில் தொழிற்பேட்டை தோன்றியது. காமராசர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்துப் பணிகளை மறுப்பது நடுநிலை ஆகாது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1956 முதல் எஃகின் ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தி, அது நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய சர்க்கார் செய்தது. இதனால் தொலைவில் இருந்த தென்னகத் தொழிற்சாலைகள் நன்மை அடைந்தன. கனி வளத்தை மடியில் வைத்திருந்த பீகாரும் வங்கமும், தமக்குரிய இயற்கைச் சலுகையை இழந்தோம் என்று பின்னர்க் குறை கூறின. இந்த ஏற்பாடு எஃகைப் பொறுத்தவரை 1990-களின் தொடக்கத்தில் முடிவுற்றது. ஆகவே பிரதேச வஞ்சனை என்பது ஒரு திசையில் மட்டும் ஓடும் ஆறு அன்று. ஒரு கணக்கில் இழந்தவர் மற்றொரு கணக்கில் பெற்றிருக்கலாம். எல்லாப் பேரேடுகளையும் சேர்த்துப் பார்த்தே ஐந்தொகை காண வேண்டும்.

கேட்பதற்குரிய முறைகள்

செலவைக் கேள்வி கேட்க எதிர்க்கட்சிக்கு என்னென்ன கருவிகள் உண்டு என்பதைச் சுருக்கமாகக் காண்போம். வரவு செலவுத் திட்டம் சபைக்கு வந்தபின், ஒவ்வோர் இலாகாவும் மானியக் கோரிக்கை வைக்கிறது. அதன்மேல் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம். கொள்கையே தவறு என்று கருதினால், கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கும்படி கேட்பார். குறிப்பிட்ட குறையொன்றை எடுத்துக்காட்ட விரும்பினால், நூறு ரூபாய் குறைக்கக் கேட்பார். வீண் செலவைச் சுருக்க வேண்டுமெனில், எவ்வளவு குறைக்கலாம் என்று தொகையைச் சொல்லிக் கேட்பார். பெரும்பான்மை பலத்தால் இவை பெரும்பாலும் தோற்கும். ஆனால் அமைச்சர் எழுந்து விடை சொல்லியாக வேண்டும். அந்த விடை குறிப்பேட்டில் நிலைத்து நிற்கும்.

1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அண்ணாதுரை, அதே ஆண்டில் ராஜ்ய சபை உறுப்பினரானார். ராஜ்ய சபை வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கலாம். மானியங்களின் மேல் வாக்களிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, அது லோக்சபைக்கே உரியது. ஆதலால் அங்கு அவருக்கு இருந்த ஆயுதம் சொல் ஒன்றே.

செலவு முடிந்தபின் பார்ப்பதற்குத் தணிக்கை இருக்கிறது. தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 1967 முதல் அக்குழுவின் தலைமையை எதிர்க்கட்சியினர்க்கு அளிப்பது பாராளுமன்ற மரபாயிற்று. கணக்கு எழுதுவோனும் கணக்குப் பார்ப்போனும் ஒருவராக இருத்தல் ஆகாது என்னும் நம் கூட்டுறவு விதியே அங்கும் பின்பற்றப்படுகிறது.

பிரிவினையிலிருந்து பங்குரிமைக்கு

குறை உண்மையாயினும் அதற்குக் கூறப்படும் பரிகாரம் பொருத்தமாக இருக்க வேண்டும். 1962-இல் ராஜ்ய சபையில் ஆற்றிய முதல் உரையில் அண்ணாதுரை தென்னாட்டின் சுயநிர்ணய உரிமையை வற்புறுத்தினார். அவ்வாண்டு இறுதியில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அவர் கோரிக்கையை ஒத்திவைத்து, யுத்த முயற்சிக்கு ஆதரவு அளித்தார். பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1963-இல் வந்தது. கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் கூறி வந்தார். அக்காரணங்களே பின்பு மாநில உரிமைக் கோரிக்கைகளாக உருமாறின.

1967-இல் கேள்வி கேட்டவரே விடை சொல்லும் நாற்காலியில் அமர்ந்தார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் வாக்குறுதியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு சூலையில் சேலம் எஃகு ஆலைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1969 பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1970-இல் சேலம் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியபோது, அது கஞ்சமலைக் கனியை உருக்கும் ஆலையாக இல்லாமல், வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாக இருந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. எனினும் கேளாதிருந்தால் அதுவும் கிடைத்திராது.

இவற்றினும் நிலையான பயன் வேறிடத்தில் விளைந்தது. 1969 வரை திட்ட உதவி மாநிலங்களுக்கு நிலையான விதியின்றி, திட்டவாரியாக வழங்கப்பட்டு வந்தது. பல மாநிலங்களின் முறையீட்டிற்குப் பின், திட்டக் கமிஷனின் துணைத் தலைவர் டி. ஆர். காட்கில் ஒரு வாய்பாடு வகுத்தார். சில சிறப்பு மாநிலங்களுக்கு உரியதை ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்கு 60 ஜனத்தொகைப்படியும், தலைவருமானம், வரி முயற்சி, நடைபெறும் நீர்ப்பாசன மின்சாரத் திட்டங்கள், தனிப் பிரச்சினைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 10 வீதமும் பங்கிடப்பட்டன. மகாராஷ்டிரத்துப் பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை உருவாக்கியதில் முன்னின்ற அதே காட்கில்தான் இவர். இலாபப் பங்கீட்டிற்கு விதி வேண்டும், தலைவரின் தயவு போதாது என்பதைக் கூட்டுறவு அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

வாதம் அத்துடன் முடியவில்லை. திட்டக் கமிஷன் மறைந்து 2015-இல் நிதி ஆயோக் வந்தது. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகையை அடிப்படையாகக் கொண்டபோது, குடும்பநலத்தைச் செவ்வனே நிறைவேற்றிய எங்களுக்கா தண்டனை என்று தென் மாநிலங்கள் கேட்டன. புள்ளிகள் மாறின, கேள்வி மாறவில்லை.

நமக்குரிய பாடம்

ஒரு தலைவர் சர்க்கார் செலவைக் கண்டிக்கும்போது, கைதட்டுவதற்கு முன்னும் கண்டிப்பதற்கு முன்னும் அங்கத்தினர் மூன்றை ஆராய்க. அவர் காட்டும் கணக்கு முழுக் கணக்கா, ஒரு பேரேடு மட்டுமா? அவர் கேட்பது ஒரு தனி ஆலையா, எல்லார்க்கும் பொருந்தும் ஒரு விதியா? அவரே பொறுப்பேற்றால் அச்செலவுக்கு வழி உண்டா?

இக்கேள்விகள் டில்லியோடு நிற்பனவும் அல்ல. தலைநகர் தன் பங்கைக் கேட்டுப் பெற்றபின் மாவட்டத்திற்கு என்ன தந்தது, மாவட்டம் ஒன்றியத்திற்கு என்ன தந்தது, சங்கம் கடைத் தெருவிலுள்ள ஒற்றைத் தறிக்காரனுக்கும், வாய்க்காலின் கடைமடை விவசாயிக்கும் என்ன தந்தது என்பதும் அதே வழக்கின் தொடர்ச்சியே. கடைமடைக்கு நீர் வந்ததா என்று கேட்பவர் ஒருவராவது ஒவ்வொரு மகாசபையிலும் இருத்தல் வேண்டும். அவர் கேட்கும்போது கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டும் நிர்வாகிகளும் இருத்தல் வேண்டும்.