நாற்பது வயதுக் காரும் பரிசோதனை விலக்கும்

பிரிட்டனில் ஒரு மோட்டார் கார் நாற்பது வயதை எட்டிவிட்டால், ஆண்டுதோறும் பரிசோதனை நிலையத்துக்குச் சென்று, சாலையில் ஓடத் தகுதியுள்ளது என்று அத்தாட்சி பெற்று வரவேண்டிய கடமையிலிருந்து அதற்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. மூன்றே வயதான காரைச் சோதித்துத்தான் ஆகவேண்டும் என்று கூறும் சட்டம், நாற்பது வயதுக் காரைச் சோதிக்க வேண்டுவதில்லை என்று கூறுவது முதற்பார்வைக்கு விபரீதமாகவே தோன்றும். இதில் அடங்கிய நியாயம் எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்பதைப் பழைய கார்களிடம் பிரியமுள்ளவர்கள் நிதானமாக ஆராய்வது அவசியம்.

எம்.ஓ.டி. என்று வழங்கும் இந்தப் பரிசோதனை, எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து மந்திரியாக இருந்த காலத்தில், 1960-இல் ஏற்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றை மட்டுமே அன்று பார்த்தார்கள். ஆயினும் அச்சிறு பரிசோதனையிலேயே தேறாமற்போன வண்டிகள் மிகப் பலவாக இருந்தமையால், 1961 முடிவதற்குள் பத்து என்பது ஏழாகக் குறைந்து, 1967-இல் மூன்றாயிற்று. டயர், சீட் பெல்ட், புகை என்று பார்க்க வேண்டியவற்றின் ஜாபிதாவும் காலக்கிரமத்தில் நீண்டது.

விலக்கு இரண்டு கட்டங்களாக வந்தது. 1960-க்கு முன் தயாரான கார்களுக்கு 2012 நவம்பரிலும், நாற்பது ஆண்டு நிறைந்த கார்கள் அனைத்துக்கும் 2018 மே 20 முதலும் அது வழங்கப்பட்டது. இப்படிப்பட்ட கார்களை வைத்திருப்போர் அவற்றைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுகிறார்கள், அவை ஓடும் தூரமும் சொற்பம், நவீன வண்டிகளை உத்தேசித்து வகுத்த பரிசோதனை அவற்றுக்குப் பொருந்துவதும் இல்லை என்பவை சர்க்கார் சொன்ன காரணங்கள். இவை அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. 1965-க்கு முந்திய காரில் சீட் பெல்ட் இல்லை என்றோ, 1936-க்கு முந்திய காரில் திருப்ப விளக்கு இல்லை என்றோ பரிசோதகர் குற்றம் சொல்ல முடியாது; தயாரான காலத்தின் விதியைக் கொண்டே ஒரு யந்திரத்தை மதிப்பிடவேண்டும் என்ற தர்மம் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தது.

விலக்குக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் சேசிஸ், பாடி, அச்சு, சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகிய பிரதான அங்கங்களில் வண்டியின் மூல லக்ஷணத்தையே மாற்றும்படியான மாறுதல் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. அவ்வாறு நிகழவில்லை என்று உறுதி கூற வேண்டியவர் சொந்தக்காரரே. ஆக, இந்த ஏற்பாடு முழுவதும் அவருடைய மனச்சாட்சியையும் யந்திர ஞானத்தையும் நம்பி நிற்கிறது.

இரும்பும் ரப்பரும் எவருடைய நல்லெண்ணத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்பதுதான் இதிலுள்ள சங்கடம். அதிகம் ஓடாத கார் பத்திரமான கார் என்று எண்ணுவது பெரும் பிழை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்வதால், மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காரின் வீல் சிலிண்டர் உள்ளேயே துருப்பிடிக்கிறது. டயரின் பட்டன் தேயாமல் இருக்க, பக்கச் சுவர் வெடித்துப்போகிறது. எத்தனால் அதிகம் கலந்த ஈ10 பெட்ரோல் 2021 முதல் அந்நாட்டில் சாதாரண பெட்ரோலாகிவிட்டதால், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்கள் இற்றுக் கசிந்து தீப்பற்றுவதற்கும் இடமுண்டு. இலங்கைச் சாலைகளிலும் நெடுங்காலம் ஓடிய மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் ‘டிரனியன்’ என்ற மரையிட்ட கீலுக்குக் காலாகாலத்தில் கிரீஸ் போடாவிட்டால், மரை தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி வண்டி தரையில் இடித்து நின்றுவிடும். அங்குள்ள தேய்மானம் ஓட்டுகிறவர் கண்ணுக்குப் படாது. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்ப்பவருக்கே அது புலப்படும்.

வேறு இரு நாடுகளின் முறையையும் பிரிட்டிஷ் முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் முப்பது ஆண்டு நிறைந்த கார், நிபுணர் பார்த்து அதன் மூல வடிவத்தையும் நல்ல நிலையையும் உறுதிப்படுத்திய பிறகே, ‘எச்’ என்ற எழுத்துடன் கூடிய கௌரவ எண்பலகையைப் பெறுகிறது. அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்தே தீரவேண்டும். இந்தியாவில் 2021-இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ என்ற தனிப்பதிவை அளித்து, கண்காட்சி, பந்தயப் பவனி, பழுது பார்த்தல் போன்ற சில காரியங்களுக்கு மட்டும் சாலையில் செல்ல அனுமதித்து, அன்றாட உபயோகத்தைத் தடுத்துவிடுகின்றன. இம்மூன்றில் ஜெர்மன் முறையே சிறந்தது என்பது என் திடமான அபிப்பிராயம். பழமைக்கு மரியாதை, எதிரே வரும் பாதசாரிக்குப் பாதுகாப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே காப்பது அது ஒன்றே.

பிரிட்டிஷ் சட்டமும் விலக்குப் பெற்றவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடவில்லை. அபாயகரமான நிலையிலுள்ள காரை ஓட்டுபவருக்கு, அதன் வயது எதுவாயினும், 2,500 பவுன் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. விலக்குப் பெற்ற காரை விரும்பிப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வதற்கும் தடையேதும் இல்லை. ஆகையால், பழைய காரைப் போற்றும் ஒவ்வொருவரும், சட்டம் கேட்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பரிசோதகரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டி, அவர் சுட்டும் குறைகளைத் தீர்த்த பிறகே சாலைக்கு எடுத்து வரவேண்டும்.