குரல்வளையிலும் கவுட் நோய்

கவுட் என்றதும் கால் பெருவிரல் வீக்கமே நினைவுக்கு வரும். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் தங்குவதே இந்நோய். தோழியரே, நம் குரல்வளைக்குள்ளும் சிறு மூட்டுகள் உண்டு. அவை அசைவதாலேயே குரல் நாண்கள் திறந்து மூடுகின்றன. மிக அரிதாக அங்கும் படிகம் படியும். குரல் கம்மும், விழுங்கினால் வலிக்கும், ஏதோ அடைத்தாற்போலிருக்கும். கட்டியாகத் தெரிந்தாலோ, புற்றுநோயோ என்று வீடே கலங்கும்! சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை புலப்படும். (துணுக்கை ஆல்கஹாலில் இடுவதே நலம், ஃபார்மலின் நீர் படிகங்களைக் கரைத்துவிடும்.)

வலி தணியக் கால்சிசின். அமிலத்தை 100 மில்லி லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைக்க அலோபியூரினால். இரண்டும் மருத்துவர் சொற்படியே. ஏற்கெனவே கவுட் உள்ள தாத்தாவின் குரல் 3 வாரமாகியும் தெளியாவிடில், மிளகுக் கஷாயத்தோடு நின்றுவிடாதீர்கள். மூச்சு இழுக்கையில் கீச்சொலி கேட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.