வெந்நீர்ப் பாய்லர்: ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர்கள். சுமார் 1555ஆம் ஆண்டில் கட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தார்கள். 1663ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள். இன்று ஊர் அதற்கு வழங்கும் பெயர் டச்சு அரண்மனை! கட்டியவன் பெயர் போய், ரிப்பேர் செய்தவன் பெயர் நிலைத்துவிட்ட ஊரில் நாம் குடியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் சொட்ட ஆரம்பித்ததும் "தூக்கிப் போடு, புதிது வாங்கு" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வது வேடிக்கைதான்.

கொச்சியில் வெந்நீர் எதற்கு என்று நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஜூன் மாதம் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். இடவப்பாதி மழை பிடித்து, சுவரெல்லாம் ஊறி, துவைத்த வேட்டி மூன்று நாளாகியும் காயாமல் கொடியில் கிடக்கும்போது, மூட்டுவலிக்காரர்களும் பிள்ளை பெற்றவளும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் வெந்நீர் ஆடம்பரமா, அவசியமா என்பது தெரியும். எண்ணெய்க் குளியலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்மவர் வீடுகளில் இப்போது இரண்டு தலைமுறை வெந்நீர்ச் சாதனங்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, கல்யாணச் சீராக வந்த செப்புப் பாய்லர். நடுவில் குழாய், அடியில் கரி போடும் தட்டு, பக்கத்தில் பித்தளைக் குழாய். பல வீடுகளில் அது மாடிப்படிக்குக் கீழே பச்சை பிடித்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று சுவரில் மாட்டிய மின்சாரக் கீசர். இரண்டுக்கும் ஒரே கேள்விதான். பதில் மட்டும் வேறு.

அரண்மனை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டில் எழுபத்தெட்டு வயது அத்தை, அவருடைய மகள், பேத்தி. மகன் லண்டனில். அவர்கள் வீட்டு 25 லிட்டர் கீசருக்குப் பதின்மூன்று வயது. வெந்நீர் வரத் தாமதம், வால்விலிருந்து சொட்டு, இதற்கெல்லாம் மேலாக, ஈரக் கையால் குழாயைத் தொட்டால் விரலில் ஒரு குறுகுறுப்பு. "வயசாயிடுத்துன்னா எனக்கும் அப்படித்தான் கை மரத்துப் போறது" என்று அத்தை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார். வந்து பார்த்த பிளம்பர் ஒரே நிமிஷத்தில் "இது போயி சேச்சி, புதியது வாங்கிக்கோ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். லண்டன் மகனும் போனில் அதையே சொன்னார்: "இங்கே நான் பாய்லரை மாற்றியதும் கேஸ் பில் எவ்வளவு குறைந்தது தெரியுமா?"

மகன் சொன்னது அங்கே உண்மை, இங்கே பொருந்தாது. அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகளின் யோசனையால் இங்கே பணம் செலவழியும் வீடுகள் பல.

லண்டன் வீட்டில் பாய்லர் என்பது வீடு முழுவதையும் குளிர்காலத்தில் சூடாக்கும் கேஸ் யந்திரம். பழைய பாய்லரில் எரிகிற வாயுவின் வெப்பத்தில் கணிசமான பங்கு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். புதிய கண்டென்சிங் பாய்லர், புகையில் உள்ள நீராவியையே குளிரச் செய்து அதன் வெப்பத்தையும் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. 2005ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர்கள் பொதுவாக இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. ஆகவே அங்கே பழையதை மாற்றினால் மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

மின்சாரக் கீசருக்குப் புகைபோக்கி கிடையாது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயில், தான் வாங்கும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கே கொடுத்துவிடும். பழைய காயிலும் சரி, புதிய காயிலும் சரி. 27 டிகிரியில் உள்ள 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 825 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி. அதாவது ஒரு முறை நிரப்பிச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட். 2 கிலோவாட் காயிலானால் அரை மணி நேரம். எந்தக் கம்பெனிக் கீசரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

அப்படியானால் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் எதற்கு? சூடான தண்ணீர் தொட்டியில் சும்மா இருக்கும்போது எவ்வளவு வெப்பம் சுவர் வழியே நழுவுகிறது என்பதைத்தான் அவை அளக்கின்றன. நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டு வைக்கிற வீட்டில் ஐந்து நட்சத்திரம் பலன் தரும். காலையில் அரை மணி போட்டு, அணைத்துவிட்டுக் குளிக்கப் போகிற நம் வீடுகளில் அதனால் வரும் மிச்சம் சொற்பம். "புதிது வாங்கினால் கரண்ட் பில் பாதியாகும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பில்லைக் குறைக்க வேண்டுமானால் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். பக்கெட்டில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலக்கித்தான் குளிக்கிறோம் என்றால், அவ்வளவு கொதிக்கவைத்துப் பிறகு ஆற்றுவானேன்?

ஆகவே கீசரை மாற்றும் முடிவுக்குக் கரண்ட் பில் காரணமாக முடியாது. பார்க்க வேண்டியவை வேறு. முதலில் உள்தொட்டி. தொட்டியே ஓட்டை என்றால் பேச்சில்லை. அதற்கு வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உட்புறம் கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியில் வெல்டிங் சூடு பட்டால் பூச்சு வெடித்துப் போகும். பிறகு பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும். ஆனால் கீசர் சொட்டுகிறது என்றாலே தொட்டி ஓட்டை என்று அர்த்தமல்ல. காயில் பொருத்திய இடத்து ரப்பர் வாஷர் இற்றுப்போயிருக்கலாம், இணைப்புக் குழாய் கசியலாம், வால்வு சொட்டலாம். இவை எல்லாம் சில்லறைச் செலவு. கழற்றிப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் சூடானால் விரியும். அந்த அழுத்தம் வெளியேறத்தான் வால்வு. அது சில சொட்டு விடுவது அதன் வேலை. "சனியன், நாளெல்லாம் சொட்டுகிறது" என்று அதன் வாயில் மரக்கட்டையைச் செருகி அடைத்திருந்த ஒரு வீட்டை இதே ஊரில் நான் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் ஒரு நாள் மக்கர் செய்தால் அந்தக் கீசர் வெடிகுண்டுதான். விடாமல் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒரு பாகம்: தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பி. தொட்டியின் எஃகை அரிக்க வரும் உப்பை முன்னால் நின்று தான் வாங்கிக்கொண்டு கரைந்து போவதே அதன் பிறவிப் பயன். காயல் சூழ்ந்த இந்தப் பகுதியில் கிணற்று நீரும் போர் நீரும் உப்புக் கரிக்கும் வீடுகள் நிறைய. அங்கே கம்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன் பிறகு உப்பு தொட்டியைத் தின்னும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து மாற்றினால் தொட்டியின் ஆயுள் நீளும். வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட இதைப் பார்க்காமல், பத்து வருஷம் கழித்துக் கம்பெனியைத் திட்டுவதில் என்ன பயன்?

அந்த அத்தை வீட்டுக்கு வருவோம். மகள் பிடிவாதமாக ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். தொட்டி நன்றாகவே இருந்தது. மக்னீசியம் கம்பி இருந்த இடத்தில் வெறும் இரும்புக் குச்சி. காயில் மேல் சுண்ணாம்பு சட்டை போட்டிருந்தது; அதனால்தான் தாமதம். காயிலின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குக் கசிந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய செய்தி சுவருக்குள் இருந்தது: மூன்று ஓட்டை பிளக் பாயின்ட், ஆனால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! பழைய வீட்டில் எப்போதோ யாரோ செய்த வேலை. அத்தையின் விரலில் இருந்த குறுகுறுப்பு வயதால் வந்ததல்ல.

பிளம்பரின் பேச்சைக் கேட்டுப் புதிய கீசரை மாட்டியிருந்தால் குறுகுறுப்பு நின்றிருக்கும். எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். புதிய காயிலும் ஒரு நாள் வெடிக்கும்போது, அதே எர்த் இல்லாத பாயின்டில், ஈரத் தரையில் அத்தையோ பேத்தியோ நின்றிருப்பார்கள். அவர்கள் முதலில் எர்த் இழுத்தார்கள். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் வைத்தார்கள். பிறகு காயில், கம்பி, வால்வு மூன்றையும் மாற்றினார்கள். கீசர் ஓடுகிறது. மட்டாஞ்சேரியில் பழைய வீடுகளில் வாடகைக்கு இருக்கிறவர்கள், வீட்டுக்காரரிடம் புதிய கீசர் கேட்பதற்கு முன் எர்த் கேளுங்கள். டெஸ்டரை லைனில் வைத்து விளக்கு எரிவதைக் காட்டிவிட்டு "எல்லாம் சரி" என்று போகிறவரை நம்ப வேண்டாம். எர்த் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

நான் கணக்குப் போடும் விதம் இது: தொட்டி நன்றாயிருந்து, ரிப்பேர்ச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் ரிப்பேர். தொட்டி ஓட்டை, அல்லது உதிரிப்பாகமே கிடைக்காத பழைய மாடல் என்றால் புதிது. புதிது வாங்கும்போது ஐ.எஸ். 2082 முத்திரை இருக்கிறதா, தொட்டிக்குத் தனியாக எத்தனை வருஷ வாரண்டி என்று பாருங்கள். மலிவு என்று கேஸ் கீசருக்குத் தாவுகிறவர்கள், அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய அறையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு சேர்ந்து, குளிக்கப் போனவர்கள் திரும்பாத சம்பவங்கள் நாட்டில் பல நடந்திருக்கின்றன.

சூரிய அடுப்பு வெந்நீர் பற்றியும் கேட்கிறார்கள். 100 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ; பழைய மங்களூர் ஓட்டுக் கூரை அதைத் தாங்குமா என்று முதலில் ஆசாரியிடம் கேளுங்கள். தவிர, நமக்கு வெந்நீர் வேண்டியதே சூரியனைக் காணாத மழை மாதங்களில்!

மிச்சம் செப்புப் பாய்லர். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் நம் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள், ஃபோர்ட் கொச்சி வெளியில் 1976ல் கட்டிய தோபிக் கானாவில் இன்றும் கையால் துவைத்துக் கஞ்சி போடுகிறார்கள். பழையது என்பதற்காகவே ஒன்று பயனற்றதாகிவிடாது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. செப்புப் பாய்லரில் பெரும்பாலும் போவது அடித்தட்டும், நடுக்குழாய் சேரும் பற்றுவைப்பும்தான். கன்னாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டினால் பற்று உருகிவிடும், அவ்வளவுதான். கொட்டாங்கச்சிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில் வையுங்கள்; அதன் தண்ணீரைக் குளிக்க மட்டும் பயன்படுத்துங்கள், பற்றுவைப்பில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் குடிக்க வேண்டாம். மின்சாரம் போன மழைக்கால விடியலில் அதன் அருமை தெரியும்.

கொல்லைப்புறமே இல்லாத வீடு என்றால் விற்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது எடைக்குப் போடாதீர்கள். ஜூ டவுன் வரை நடந்து, அங்குள்ள பழம்பொருள் கடைகளில் இதே மாதிரிப் பாய்லரைத் தேய்த்துப் பளபளவென்று நிறுத்தி என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.